மருமவன் ஹோம்ஸ்டே போடுதான்

படம் பிரமாதமா இருக்கு மருமவனே. யாரு போட்டுக் கொடுத்தா? கம்ப்யூட்டரா? அதான பார்த்தேன். மனுசன் போட்டிருந்தா மழைன்னு ஒண்ணு பெய்யும்கிற நினைப்பு வந்திருக்குமே. இது இலஞ்சிடே. குற்றாலத்து மலைக்குக் கீழ கெடக்கிற ஊரு. ஆனி ஆடியில மேக்கே இருந்து சாரல் சாய்ச்சு அடிக்கும். அந்த மேக்கு பார்த்த சுவரை இடிச்சுட்டு, தரையில இருந்து கூரை மட்டும் கண்ணாடி வைக்கப் போறேங்கே. கட்டில்ல படுத்துக்கிட்டே மலையைப் பார்க்கலாமாம். பார்க்கலாம், யாரு வேண்டாம்னா? சாரல் நேரத்துல மலையே மேகத்துக்குள்ளதான் கெடக்கும். கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு, வாரவன் தன் மூஞ்சியைத்தான் பார்ப்பான். அதுக்கு வாடகை கொடுத்து இம்புட்டு தூரம் வரணுமா? அவன் வீட்டுப் பாத்ரூம்லயே கண்ணாடி இருக்கும்லா.

கோவப்படாத. ஒங்கத்தை காப்பி கொண்டுவாரா, குடிச்சுக்கிட்டே கேளு.

அந்தப் புறவாசல் வீட்டை எங்கப்பா, ஒனக்குத் தாத்தா, தன் அக்காளுக்காகக் கட்டினாரு. ஒரு பட்டாசல், ஒரு அடுக்களை, முன்னால தார்சா, மேல மச்சு. குளிக்கக் கிணத்தடி, மத்ததுக்குத் தோப்பு. அம்புட்டுதான். நிலை உயரம் கம்மி, குனிஞ்சுதான் உள்ள போணும். அதை நீ ‘அவுட்டேட்டட்’ங்கே. எனக்கும் கூன் விழுந்துட்டு, பல்லும் போயிட்டு, என்னையும் இடிச்சுட்டுப் புதுசா ஒரு மாமனைக் கட்டுவியாக்கும்? ஒங்க அம்மா பங்குக்கு வந்த வீடு, நீ என்ன வேணாலும் பண்ணு. நான் ஏன் வாயைத் திறக்கேன்? சும்மா, கேட்டதுக்குச் சொல்லுதேன். கேக்கலைன்னாலும் சொல்லுவேன், அது வேற விசயம்.

ஒரு செங்கலைத் தொடுததுக்கு முன்னால ஒரு சாரல் பூரா நீ அதுல படு. இதுக்கு இன்ஜினீயர் வேண்டாம், கையில ஒரு சாக்பீஸ் போதும். எங்க சொட்டுதோ அங்க தரையில வட்டம் போடு. சுவர்ல ஈரம் எதுவரைக்கும் ஏறுதோ அங்க ஒரு கோடு கிழி. ராத்திரி எந்தப் பக்கம் காத்து வருது, எந்த மூலையில பூரான் வருது, எதிர்த்த வீட்டு டி.வி. எம்புட்டு சத்தம் கேக்குது, எல்லாம் தெரிஞ்சிரும். நீ என்ன பண்ணினே? பங்குனி வெயில்ல மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டியாந்தே. அவன் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, "வாவ், நல்ல ஸ்பேஸ்"னான். பங்குனியில எந்தக் கூரைடே ஒழுகும்?

கூரைக்கு வருவோம். ஓட்டைப் பூரா எடுத்துட்டு, சிமெண்ட் ஷீட்டு போட்டு, அடியில பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல பொய்ச்சீலிங் அடிக்கணும்னு உன் ஆளு எழுதியிருக்கான். இந்த ஈரத்துல அது ஒரு வருசம் வெள்ளையா இருக்கும், மறு வருசம் அதுல உலகப்படம் தெரியும். ஆப்பிரிக்கா ஒரு மூலையில, ஆஸ்திரேலியா ஒரு மூலையில. அதுக்கு மேல எலி குடித்தனம் பண்ணும். வாடகை கொடுக்காத கெஸ்ட்டு.

இப்ப மேல கெடக்கிறது சீமை ஓடு. 1865-ல மங்களூர்ல பாசல் மிஷன் பாதிரிமாரு தொழிற்சாலை போட்டு வார்த்த ஓட்டு மாதிரி அது. பொறவு மலைக்கு அங்கிட்டு கொல்லத்துலயும் ஓட்டுச் சூளைங்க வந்துட்டு. கொல்லம் – செங்கோட்டை ரயிலு 1904-ல இருந்து ஓடுதுல்லா, நம்ம ஓடும் அப்படி மலையைத் துளைச்சுக்கிட்டு வந்ததுதான்னு அப்பா சொல்லுவாரு. அந்த ஓட்டுல வாய்க்கால் மாதிரி காடி இருக்கு பாரு, ஒண்ணோட நாக்கு இன்னொண்ணோட காடியில உக்காரும். இதுல ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கம்பெனி ஓட்டுக் காடியில இன்னொரு கம்பெனி ஓட்டு சரியா உக்காராது. உடைஞ்ச ஓட்டுக்கு மாத்து வாங்கப் போகையில நம்ம ஓட்டு ஒண்ணைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போ. தென்காசியில பழைய வீடு இடிக்கிறவன்கிட்ட கெடைக்கும். அங்க வச்சுப் பொருத்திப் பார்த்து எடு. போன்ல போட்டோ அனுப்பி வாங்கினேன்னு வையி, ஓடும் இருக்கும், ஒழுக்கும் இருக்கும்.

கைமரம் பூரா வைரம் பாய்ஞ்ச பனை. ஒவ்வொண்ணா உளியால தட்டிப் பாரு. கிண்ணுன்னு கேட்டா அது உன் பேரனுக்கும் இருக்கும். பொத்துன்னு கேட்டா கறையான். அதை மட்டும் மாத்து. ரெண்டு கெட்டுப்போச்சுன்னு எல்லாத்தையும் உருவிரணும்னு காண்டிராக்டர் சொல்லுவான். உருவின பனங்கை எங்க போகும்னு அவனைக் கேளு. உன்கிட்ட குப்பைன்னு எடுத்துட்டுப் போயி, அவன் வேற ஒரு மெட்ராஸ்காரனுக்கு ‘ஹெரிட்டேஜ்’ன்னு வித்திருவான்.

அப்புறம் குரங்கு. உன் படத்துல ஊஞ்சல் இருக்கு, சாமந்தித் தொட்டி இருக்கு, ஒரு குரங்கையாவது காணோமே. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரே குற்றாலக் குறவஞ்சியில குரங்கைப் பாடாம விடலை. அவருக்கென்ன, பாடிட்டாரு. ஓட்டு வீட்டை வாடகைக்கு விடுத கவலை அவருக்கு இல்லையே. நம்ம ஊர்க் குரங்கு ஓட்டைத் தூக்கிப் பார்த்து உள்ள யாரு வந்திருக்கான்னு விசாரிக்கும். கூரை முகட்டுலயும் ஓரத்துலயும் சுண்ணாம்பும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து பூசி ஓட்டைப் பிடிச்சு வையி. சன்னலுக்கு உள்பக்கமா வலை அடி, கொசுவுக்கும் ஆச்சு. பழைய கம்பி அழியைக் கழட்டி ஸ்லைடிங் மாட்டணும்னு எழுதியிருக்கியே, அந்தக் கம்பியிலதான்டே உன் கெஸ்ட்டோட மூக்குக்கண்ணாடி தப்பிக்கணும்.

சுவரு மண்சுவரு, மேல சுண்ணாம்பு. அது மூச்சு விடும். கீழ இருந்து ஏறுத ஈரத்தை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். நீ அதைக் கொத்திப் போட்டுச் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளன்னு எமல்ஷன் அடிக்கப் போறே. ஈரம் போக வழியில்லாம உள்ள நின்னு, உப்புப் பூத்து, பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமா தள்ளும். வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். வேப்பிலை கட்டி வாடகைக்கு விடுவியா? சுண்ணாம்பு தெரிஞ்ச பழைய கொத்தனாரைத் தேடு. ஒழுங்கா நீத்த சுண்ணாம்பு, சலிச்ச மணலு, கடுக்காய் ஊறின தண்ணி, கொஞ்சம் கருப்பட்டி. நாளு எடுக்கும், அவரும் வெத்தலை போட்டுப் போட்டுத்தான் வேலை பார்ப்பாரு. ஆனா அதுக்கும் முன்னால, கூரைத் தண்ணி சொட்டுத இடத்துல வீட்டைச் சுத்தி ஒரு வாய்க்கால் வெட்டு. கூழாங்கல்லைக் கொட்டு. வாட்டம் தோப்பைப் பார்த்து இருக்கணும். முக்காவாசிச் சுவர் வியாதி அதுலயே போயிரும். இதுக்கு எவனும் போட்டோ எடுக்க மாட்டான், அதனாலதான் எவனும் சொல்லலை.

தரையை மட்டும் தொட்டே, பேச்சு கிடையாது. காவித்தரை. எங்க அத்தை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சுத் துடைச்சு மெருகேத்தினது. இப்ப அதே மாதிரி தரைக்கு மெட்ராஸ்ல காசு கொட்டுதாங்களாமே? ஒனக்குச் சும்மா கெடக்கு, அதுமேல இத்தாலிக் கல்லு ஒட்டப் போறே. ஒட்டு, ஒட்டு. இத்தாலிக்காரன் வந்து பார்த்துட்டுப் போவான்.

பாத்ரூம்தான் முக்கியம். இதை நல்லாக் கேட்டுக்க. குற்றாலத்துக்கு வாரவன் எதுக்கு வாரான்? எண்ணெய் தேய்ச்சு அருவியில நிக்க. அருவிக்கரையில எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பூ எதுவும் ஆகாதுன்னு மதுரை ஐகோர்ட்டு சொல்லிட்டு. நல்ல தீர்ப்பு, அருவி தப்பிச்சுது. ஆனா எண்ணெய் எங்க போகும்? உன் பாத்ரூமுக்கு வரும். ஆறு பேரு, ஆறு கிண்ணம் நல்லெண்ணெய். நீ வழுவழுன்னு வெள்ளை டைல்ஸ் போட்டு வச்சிருக்கே. மொதல்ல ஒரு மாமா விழுவாரு. அவரைத் தூக்கப் போன மச்சான் விழுவான். அதைப் போன்ல படம் பிடிக்கப் போன பயலும் விழுவான். அப்புறம் உன் ஹோம்ஸ்டே எலும்பு முறிவு வைத்தியசாலைதான். சொரசொரப்பான கல்லு போடு, கடப்பாக்கல்லை மெருகு போடாம அப்படியே போட்டாலும் சரி. நாலடிக்கு ஒரு இஞ்சு வாட்டம் விடு. சுவர்ல கையால பிடிக்க ஒரு கம்பி வையி. தண்ணி போற வழியில எண்ணெய் தங்க ஒரு சின்னத் தொட்டி கட்டு, மூடியைத் திறந்து அள்ளுத மாதிரி. இல்லைன்னா மார்கழிக்குள்ள குழாய் அடைச்சு, நீ மெட்ராஸ்ல இருந்து குச்சியோட வரணும்.

கக்கூஸுக்குக் குழி எங்க வெட்டப் போறே? கிணத்தடியிலயா! பாவிப்பய. குடிதண்ணிக் கிணத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேணும், அறுபது அடின்னு வச்சுக்க. சாரல்ல இங்க மண்ணுக்கடியில தண்ணி மேலயே நிக்கும், குழி உறிஞ்சாது, எதிர்த்துக் கக்கும். தோப்போட மேட்டுப்பக்கம் போ. அந்த இடத்துலதான் என் மாட்டுத்தொழு இருக்குன்னு நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். அதைப் பொறவு பேசுவோம்.

அடுத்து, நீ படத்துல விட்டுப்போன பெரிய சமாச்சாரம் சொல்லட்டா? கொடி. துணி காயப்போடுத கொடி. சிரிக்காத. ஒரு குடும்பம் காலையில ஐந்தருவி, மத்தியானம் பேரருவி, சாயங்காலம் பழைய குற்றாலம்னு நனைஞ்சுக்கிட்டே திரியும். ஒரு நாளைக்கு ஒரு அண்டாத் துணி. வெளிய வெயிலு இல்லை. ஊறப்போட்ட அரிசி மாதிரி எல்லாம் நாறும். நீ வச்ச ஸ்டாண்டு விளக்குல ஒருத்தி பாவாடையைக் காயப்போடுவா, உன் ஓவியத்து ஆணியில ஒருத்தன் ஜட்டியை மாட்டுவான். தார்சாவுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கு, நாலு கொடி கட்டு, மேல ஒரு ஃபேனு மாட்டு. காலு கழுவ வாசல்ல ஒரு குழாய், மிதிக்க ஒரு சாக்கு. சாரலுக்கு வந்து காய்ஞ்ச துணியோட ஊருக்குத் திரும்பினவன் ஒன்னை ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

ஏ.சி. ரெண்டு எழுதியிருக்கே. சாரல்ல ஏ.சி.! தென்காசிக் கோபுரவாசல்ல நின்னா காத்து ஆளையே தள்ளுது, இதுல மெஷினு வேற. சித்திரை வெயிலுக்கு ஒருத்தன் வந்தா ஆகும்கே, சரி, ஒண்ணு மாட்டு. சோலார் வெந்நீர் எழுதியிருக்கியே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரையேறுச்சு. சூரியனே லீவுல போற மாசத்துலல்லா ஒனக்கு வெந்நீர் வேணும். கரண்டு ஹீட்டரே வையி. 2 கிலோவாட் ஹீட்டருக்குப் 16 ஆம்பியர் பிளக்கும் தடிச்ச வயரும் வேணும், பழைய பேன் வயர்ல சொருகிராத. ஈரச் சுவரு, ஈரக் கையி, ஈரத் துண்டு. அதனால 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு கட்டாயம். ஷாக் அடிச்சாலும் உயிரைக் குடிக்குமுன்னால அதுவே கட் ஆயிரும். எர்த்துக் குழியைப் புதுசா எடு. இந்த ஒரு விசயத்துல மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன், காசைக் கொட்டு. வாரவன் பிள்ளைகுட்டிக்காரன்.

மாடுலர் கிச்சன் வேண்டாம். எவளும் குற்றாலத்துக்கு வந்து குழம்பு வைக்க மாட்டா. செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவுக்கு ராத்திரி வரிசையில நிப்பாங்க. ஒரு அடுப்பு, ஒரு பால் பாத்திரம், பிள்ளைக்கு வெந்நீர் வைக்க ஒரு கெண்டி, போதும். பழைய அங்கணத்தை அப்படியே வச்சுக்க, ஏனம் கழுவ அதுதான் வசதி. ஒரு போர்டு மட்டும் பெருசா மாட்டு: அறைக்குள்ள துரியன் பழம் கொண்டுவரப்படாது. சீசன்ல மங்குஸ்தான், ரம்புட்டானோட அதுவும் வந்து குவியும். ஒருத்தன் ஆசைக்கு வாங்கிக் கட்டிலுக்கடியில வச்சிட்டுப் போனான்னா, அடுத்து வாரவன் போலீசைக் கூப்பிடுவான்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்துல இருந்த காலத்துல ராஜாஜி வந்தாரு, கல்கி வந்தாரு. 1954-ல டி.கே.சி. காலமாகுற மட்டும் அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. ஏ.சி. இருந்துதா? பொய்ச்சீலிங் இருந்துதா? பேச்சு இருந்தது, இலையில சூடா பலகாரம் இருந்தது. ஒனக்குப் பேச்சு வராது, அது எங்க வம்சத்துல உங்க அம்மாவோட நின்னுபோச்சு. பலகாரத்துக்கு உங்கத்தை இருக்கா. உளுந்தங்களி கிண்டுவா. அதுக்குத் தனி ரேட்டு.

கணக்குக் காயிதம் எங்க? ஆமா, வருசம் 365 நாளும் ஆள் நிக்கிற மாதிரி போட்டிருக்கே. வலது பக்கம் ஜி.எஸ்.டி.க்கு ஒரு கட்டம் வேற. வருசம் 20 லட்சத்தைத் தாண்டினாத்தானடே அதுக்குப் பதியணும்? ஒத்தைப் பட்டாசல் வீட்டுல 20 லட்சம்! தைரியத்தை மெச்சணும். இங்க ஆளு வாரது ஆனி, ஆடி, ஆவணி. பொறவு கார்த்திகை, மார்கழியில சபரிமலைக்குப் போற சாமிமாரு. நடுவுல பள்ளிக்கூட லீவு, ரெண்டு கல்யாணம், ஒரு நீண்ட வாரக்கடைசி. மத்த நாளு நீயும் பூரானும்தான். சில வருசம் சாரலே ஏமாத்திரும், அருவி நூலு மாதிரி தொங்கும். சில நேரம் தண்ணி கூடிப்போயி அருவியில குளிக்கத் தடை போட்டுருவான், முன்பதிவு பண்ணினவன் பணத்தைத் திருப்பிக் கேப்பான். திருப்பிக் கொடுப்பியா மாட்டியான்னு முதல்லயே எழுதிப் போடு. கடன் வாங்கிக் கட்டாத. ஒரு சீசனுக்குக் கூரையும் வாய்க்காலும் பாத்ரூமும் மட்டும் பண்ணி விடு. அந்தக் காசுல அடுத்த வருசம் மத்ததைப் பாரு.

கரண்டு சமாச்சாரமும் அப்படித்தான். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சும்மா கெடைக்குதுன்னு அதுலயே ஓட்டிரலாம்னு பார்க்காத. வாடகை விடுத இடம்னு மின்வாரியத்துல எழுதிக் கொடுத்து, அவங்க சொல்லுத தாரிஃபை எழுத்துல வாங்கிக்க. பஞ்சாயத்து ஆபீஸ்லயும் எழுத்து. வாரவன் அடையாள அட்டை நகலு, கையெழுத்து. வெளிநாட்டுக்காரன் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள தாக்கல் கொடுக்கணும், மறந்துட்டேன்னு சொன்னா விடமாட்டான். காண்டிராக்டர்கிட்டயும் எல்லாம் எழுத்துல வாங்கு. வாய்ச்சொல்லை நம்பி ஒரு ரூவாய் கொடுக்காத.

இன்னொண்ணு விசாரிச்சேன், மேலவீட்டு வாத்தியாரு மவன் படிச்சுக் காமிச்சான். மத்திய சுற்றுலாத் துறையில பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட் திட்டம் உண்டாம். ஒரு அறையில இருந்து ஆறு அறை வரைக்கும் பதிஞ்சுக்கலாமாம். ஆனா வீட்டுக்காரன் குடும்பத்தோட அந்த இடத்துலயே குடியிருக்கணுமாம். நீ எங்க குடியிருக்கே? சிறுசேரியில, பதினாலாவது மாடியில. இங்க குடியிருக்கிறது யாரு? நான் சொல்லலைப்பா, திட்டம் சொல்லுது.

சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வேன்காரன் வந்து இறங்கினா நீ போன்லயே கதவைத் திறப்பியாம். நம்பரு அழுத்துனா திறக்குத பூட்டாம். இடி இடிச்சு கரண்டு போனா என்ன அழுத்துவான்? வேனுக்குள்ள தூங்குத பிள்ளை அழும், நாயி குரைக்கும், நான் எந்திரிச்சு வரணும். வரத்தானே போறேன், மாமன்லா. அதுவும் போக, புறவாசலுக்கு வண்டி போற பாதை என் பங்குலதான் கெடக்கு. பத்திரத்துல பாரு, நாலு எல்லையும் தெளிவா இருக்கும். நான் என்னைக்காவது மறிச்சிருக்கேனா?

அதனால எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம். சாவி என் இடுப்புல இருக்கட்டும். மச்சுல கெடக்கிற உரச்சாக்கும் பழைய கலப்பையும் அங்கனயே இருக்கட்டும், கேட்டா ‘வில்லேஜ் ஃபீலு’ன்னு சொல்லிக்க. மாட்டுத்தொழுவை நகத்துததுக்கு ஆகுத செலவு உன் கணக்கு. பால் என் மாட்டுப் பால், இளநீர் என் மரத்து இளநீர், விலை நான் சொல்லுததுதான். ராத்திரி எந்திரிச்சுக் கதவு திறந்தா ஒரு ரேட்டு, திறந்துட்டு அருவிக்கு வழி சொன்னா ஒரு ரேட்டு, கதையும் சொன்னா ஒரு ரேட்டு. ஆள் வராத மாசத்துல தார்சாவில என் கட்டில் கெடக்கும், மத்தியானத் தூக்கத்துக்கு அங்கதான் காத்து.

என்னது, இதை எழுதிக்கிடலாமா? மாமனுக்கும் மருமவனுக்கும் நடுவுல என்னடே எழுத்து? அட்வான்சை மட்டும் இப்பவே கொடுத்துட்டுப் போ.